இருவர் உழைத்தும் எட்டாத கோடு

அரசாங்கத்தின் இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் படிக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கின்றேன். இரண்டும் இரகசியத் தாள்கள் அல்ல. ஒன்றைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் வெளியிடுகின்றது. மற்றையது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். முதலாவது தாள், இந்நாட்டில் ஒரு மனிதன் தன் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள மாதம் ஒன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று கூறுகின்றது. அதற்கு உத்தியோகபூர்வ வறுமைக் கோடு என்று பெயர். 2025ஆம் ஆண்டில் அந்தக் கோடு ஆளொருவருக்கு ஏறத்தாழ 16,000 ரூபாவில் நின்றது. இரண்டாவது தாள், ஒரு தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தைக் கூறுகின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அது 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாயிற்று. 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா.

இனிக் கணக்குப் பார்ப்போம். நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் சேர்த்துக் கோடு 64,000 ரூபா. கணவன் மட்டும் உழைத்தால் வருவது 30,000. கோட்டின் பாதிக்கும் குறைவு. சரி, மனைவியும் வேலைக்குப் போகட்டும். இருவருக்கும் சேர்த்து 60,000. அப்பொழுதும் கோட்டுக்குக் கீழேதான். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழித்தபின் கையில் வருவது 55,200. ஒரு நாளும் வேலைக்குத் தவறாத, ஒரு சதத்தையும் வீணாக்காத இருவர், சட்டம் விதித்த சம்பளத்தை முழுதாகப் பெற்ற பின்னரும், அதே அரசாங்கம் கீறிய வறுமைக் கோட்டைத் தொட முடியாது. இதுதான் இந்நாட்டின் சட்டபூர்வமான நிலைமை.

சரி, உழைக்க வழியில்லாதவருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவியைப் பார்ப்போம். சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் தொடங்கப்பட்ட அஸ்வெசும திட்டத்தில், மிக வறிய குடும்பத்துக்கு 2025 ஜனவரி முதல் மாதம் 17,500 ரூபா. ஒரு குடும்பம் முழுவதற்கும் கொடுக்கப்படும் தொகை, ஒரே ஓர் ஆளின் வறுமைக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கின்றது!

வறுமை தலையெழுத்து என்பார் சிலர். சோம்பலின் பயன் என்பார் வேறு சிலர். நான் சொல்வது இது: இந்நாட்டில் ஒரு குடும்பத்தின் வருமானம் பெரும்பாலும் சட்டத்திலும் வர்த்தமானியிலும் வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுகின்றது. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தி எழுதலாம். ஆகவே அது அரசியல். ஆகவே தமிழ் மக்களின் உரிமைப் பட்டியலில் அதற்கு இடம் வேண்டும். இதுவே என் வழக்கு.

ஒரே ஒழுங்கை, இரண்டு நாட்கள்

வருமானம் என்றால் மாத முடிவில் கைக்கு வரும் தொகை என்றே பலர் எண்ணுகின்றனர். அது ஒரு மனிதனின் நாளை விடிந்தது முதல் அடைந்தது வரை எவ்வாறு வகுக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே ஊரில், ஒரே ஒழுங்கையில், ஒரு வேலிக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மாதச் சம்பள உத்தியோகத்தரின் வீடு. மற்றையது பிறர் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் குடும்பத்தின் வீடு.

காலையில் முதலில் வேண்டியது தண்ணீர். உத்தியோகத்தர் வீட்டில் ஆளியைத் தட்டினால் மேல்தாங்கி நிறைகின்றது. கூலிக் குடும்பத்துப் பெண் குடத்துடன் பொதுக் கிணற்றுக்கோ பொதுக் குழாய்க்கோ போகின்றாள். கிணறுகள் உவர்த்துப்போன தீவுப்பகுதிகளிலும் கரையோரக் கிராமங்களிலும் தண்ணீர்ப் பவுசரின் வரவைப் பார்த்து நிற்கின்றாள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது, நல்ல காரியம். ஆனால் தெருவால் போகும் குழாயிலிருந்து வளவுக்குள் இணைப்பு எடுப்பதற்குக் காசு கட்டவேண்டும். அந்தக் காசு இல்லாத வீட்டுக்கு, குழாய் படலைக்கு வெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது கடை. உத்தியோகத்தர் மாதச் சாமானை மொத்தமாக வாங்குகின்றார். கூலிக்காரரின் மனைவி அன்றைய கூலியில் அன்றைக்கே நூறு கிராம் சீனியும், சரையில் சுற்றிய தேயிலையும், சின்னப் பைக்கற்றில் சவர்க்காரத் தூளும் வாங்குகின்றாள். நிறுத்துப் பார்த்தால் அதே பொருளுக்கு அதிக விலை கொடுப்பவள் அவளே. வசதியுள்ளவனுக்குக் கழிவு, வசதியற்றவனுக்கு மேலதிக விலை. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எனினும் ஒவ்வொரு நாளும் நிறைவேற்றப்படுகின்றது.

நோய் வந்தால் என்ன? எமது நாட்டில் வைத்தியம் இலவசம். அரசாங்க வைத்தியசாலை வாசலில் எவரும் காசு கேட்பதில்லை. அது பெருமைப்படத்தக்கது, அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஆனால் விடியப் புறப்பட்டுக் கிளினிக்கில் காத்திருந்து மத்தியானம் திரும்பும் மனிதனின் அன்றைய கூலி போய்விட்டதே! உத்தியோகத்தருக்குச் சுகவீன லீவு உண்டு. கூலிக்காரனுக்குச் சுகவீனம் மட்டுமே உண்டு. ஆகையால் அவன் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடுகின்றான். சீனி வியாதிக்காரனின் பாதத்தில் பட்ட சிறு காயம், தள்ளிப்போட்ட வாரங்களின் முடிவில் காலையே கேட்கின்றது. கால் போனபின் கூலியும் போகின்றது.

கல்வியும் இலவசந்தான். 1945 ஒக்டோபரில் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு, எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆக்கியது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் கனவான்களில் பலர் அதன் பிள்ளைகளே. நானும் அவர்களில் ஒருவன். இன்றோ பகலில் பாடசாலை இலவசம். மாலையில் ரியூசனுக்குப் பாடத்துக்குப் பாடம் காசு. சோதனை ஒன்றே, அதை நோக்கி ஓடும் பிள்ளைகள் புறப்படும் இடங்கள் வேறு.

நான் தொழில் செய்யும் நீதிமன்றத்திலும் இதையே காண்கின்றேன். வழக்குத் தவணையிடப்பட்டால், வசதியுள்ள கட்சிக்காரருக்கு அது நாட்குறிப்பில் ஒரு திகதி மாற்றம். அன்றாடங்காய்ச்சிக்கோ அது ஒரு நாட்கூலியும் பஸ் காசும். நாலைந்து தவணை கழிந்தபின் அவன் தன் நியாயத்தைக் கைவிட்டு, எதிராளி சொன்ன தொகைக்கு இணங்கிவிடுகின்றான். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆனால் சட்டத்தின் வாசல்வரை வந்துசேர ஆகும் செலவு சமமாக இல்லை.

இவ்வளவையும் மாதம் 16,000 ரூபாவுக்குள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 530 ரூபாவுக்குள், ஒருவர் சமாளிக்க வேண்டும் என்கின்றது கோடு. உணவு, உடை, மருந்து, பஸ், மின்சாரம் எல்லாம் அதற்குள். கோட்டுக்கு மேலே ஒரு ரூபா அதிகமாகப் பெறுபவன் ஏழை அல்லன் என்று கணக்கில் எழுதப்படுகின்றான். அவன் சாப்பிட்டானா என்று அந்தக் கணக்குக் கேட்பதில்லை.

சோம்பேறிகள் என்னும் அவதூறு

“உழைக்கமாட்டார்கள், உழைத்தாலும் சேமிக்கமாட்டார்கள், அதுதான் இந்த நிலை” என்று சொல்பவர்கள் கொழும்பில் மட்டுமல்ல, எம்மத்தியிலும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு எமது குடாநாட்டுத் தோட்டக்காரரின் சரித்திரத்தையே சாட்சியாக அழைக்கின்றேன்.

1970ஆம் ஆண்டு பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து எமது பிள்ளைகளின் முகத்தில் கதவை அடைத்ததும் அதே அரசாங்கந்தான். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் நடந்ததையும் மறைக்கக்கூடாது. அதே செம்மண். அதே கிணறு. அதே கை. விலை மட்டும் மாறியது. வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை கண்டன. ஓலை வீடுகள் கல் வீடுகளாயின. துலா மிதித்தவர் வீட்டுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பிள்ளைகள் பட்டணத்துக் கல்லூரிகளுக்குப் போனார்கள். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. கப்பலில் வந்த வெங்காயத்துடனும் மிளகாயுடனும் எமது தோட்டக்காரர் போட்டியிட நேர்ந்தது. விலை விழுந்தது. 1976இல் சுறுசுறுப்பாயிருந்த கமக்காரன் 1978இல் சோம்பேறியாகிவிட்டானா? அவனுடைய முதுகு வளைந்தபடிதான் இருந்தது. கொழும்பில் ஒரு கொள்கை நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெரும்போகம் திரும்பி வரவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் நாள் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென அறிவித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 21ஆம் நாள், 87 ரூபாவாயிருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் தோட்டத்துக்கு நீர் இறைப்பவர் யார்? மண்ணெண்ணெயில் படகு ஓட்டுபவர் யார்? குளிரூட்டிய அறையில் இருப்பவரா? செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவின் விலை, ஓராண்டுக்கு முன்னிருந்ததிலும் நூற்றுக்கு 94க்கு மேல் ஏறி நின்றது. 2021இல் நூற்றுக்கு 13 பேராயிருந்த வறியோர், 2022இல் நூற்றுக்கு 25 பேராயினர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. ஓராண்டுக்குள் இந்நாட்டவரில் எட்டில் ஒரு பங்கினர் உழைப்பை வெறுத்துவிட்டனரா? இல்லை. அவர்கள் உழைத்துக்கொண்டே ஏழைகளாயினர்.

இன்னும் ஒரு சாட்சியம். 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வில், கொழும்பு மாவட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தோர் நூற்றுக்கு 2.3 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு 44.5 பேர். இந்த ஆய்வு நடந்தது நெருக்கடிக்கு முன்னர், யுத்தம் முடிந்து பத்து ஆண்டுகள் கழிந்த பின்னர். முல்லைத்தீவில் பிறந்தவன் கொழும்பில் பிறந்தவனிலும் பத்தொன்பது மடங்கு சோம்பேறி என்று சொல்லத் துணிபவர் யாரேனும் உளரா? வயலையும் வள்ளத்தையும் மாட்டையும் வீட்டையும் இழந்து, 2009இல் வெறுங்கையுடன் முகாமுக்குப் போய், பிறகு வெறுங்கையுடன் ஊருக்குத் திரும்பிய மக்கள் அவர்கள். அவர்களுக்குச் சேமிப்பைப் பற்றி உபதேசம் செய்பவரின் வாயை எதனால் மூடுவது?

சராசரியைக் காட்டி எம்மை ஏமாற்றவும் முடியாது. அதே ஆய்வில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. ஆனால் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால், அது பெற்றது 53,333 ரூபா. மேல்மட்டத்தவர் பெற்ற பெருந்தொகை சராசரியைத் தூக்கி நிறுத்தியது. முழு வருமானத்தில் பாதிக்கு மேல், உச்சியில் உள்ள ஐந்தில் ஒரு பங்கினருக்கே போயிற்று. நாடு மீண்டுவிட்டது என்று சராசரியைச் சொல்லிக் கைதட்டுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். குளத்தின் சராசரி ஆழத்தைக் கேட்டு இறங்கியவன் கரை ஏறுவது நிச்சயமில்லை.

வரியும் வட்டியும்

உத்தியோகத்தரும் வைத்தியரும் பொறியியலாளரும் விரிவுரையாளரும் என்மீது கோபிக்கவேண்டாம். இனி அவர்களுடனேயே பேசப்போகின்றேன். 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது வரி ஏற்றப்பட்டு, உச்ச வீதம் நூற்றுக்கு 36 ஆக்கப்பட்டபோது நீங்கள் கிளர்ந்தெழுந்தீர்கள். பணிப்புறக்கணிப்புச் செய்தீர்கள், வீதியில் இறங்கினீர்கள். உங்கள் குரல் கேட்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை ஒன்றரை இலட்சமாக உயர்ந்தது. நல்லது. ஒரு மனிதனின் வாழ்க்கைக்கு வேண்டிய தொகைக்கு வரி விதிக்கலாகாது என்னும் கொள்கையைச் சட்டம் அவ்வளவுக்காவது ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தக் கொள்கை கூலிக்காரனுக்கு ஏன் இல்லை? பெறுமதி சேர் வரி 2022இன் நடுப்பகுதிவரை நூற்றுக்கு 8. அது 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி முதலாம் நாள் 18 ஆயிற்று. எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அன்றே அந்த வரிக்குள் வந்தன. சவர்க்காரத்தில், துணியில், எரிவாயுவில், டீசலில் அவன் அதைக் கட்டுகின்றான். அவனுக்கு ஒன்றரை இலட்சம் என்ற எல்லை இல்லை. ஒன்றரை ரூபா என்ற எல்லைகூட இல்லை. கோட்டீசுவரனும் கூலிக்காரனும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரி கட்டுவதைச் சமத்துவம் என்று சொல்வார்களானால், இருவர் தலையிலும் ஒரே சுமையை ஏற்றி, ஒருவரைக் காரிலும் மற்றவரைக் கால்நடையாகவும் அனுப்புவதும் சமத்துவமே. உங்கள் வரி சம்பளத் துண்டில் அச்சிட்டு வருகின்றது. ஆகவே நோகின்றது, ஆகவே கத்துகின்றீர்கள். அவனுடைய வரி விலைக்குள் ஒளிந்து வருகின்றது. அவன் கத்தவில்லை என்பதால் அவனுக்கு நோகவில்லை என்று எண்ணவேண்டாம்.

வட்டியும் அவ்வாறே. சம்பளத் துண்டு உள்ளவருக்கு வங்கி கதிரை போட்டுக் கடன் கொடுக்கின்றது. இல்லாதவர் தாலிக்கொடியை ஈடு வைக்கின்றார். ஈடு வைக்க நகையும் இல்லாத பெண்கள், அயலாரை ஒருவருக்கொருவர் பிணையாக நிறுத்தி நுண்கடன் எடுக்கின்றனர். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் ஒருவர், இத்தகைய கடன்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை வட்டி வாங்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டில் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, உரிமம் பெற்ற நிறுவனங்களின் வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று எல்லையும் கட்டியது. எல்லையே 35! வீடு கட்டக் கடன் எடுக்கும் உத்தியோகத்தர் ஒருவரிடம் அந்த வட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடன்தான் கமக்காரனின் விலையையும் தீர்மானிக்கின்றது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று உத்தரவாத விலை அறிவித்தது. அறிவிப்பு வரும்போது பல இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டது. உரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் கடன் வாங்கியவன் களத்தில் நெல்லை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா? ஈரம் காயுமுன் வந்த வியாபாரிக்கு வந்த விலைக்குக் கொடுக்கின்றான். சில மாதங்களின் பின், தான் விளைவித்த அரிசியைத் தானே கடையில் வாங்குகின்றான். நாட்டரிசிக்கு 2024 டிசெம்பரில் குறிக்கப்பட்ட உச்ச விலை கிலோ 230 ரூபா. விற்கும்போது விலையைத் தீர்மானிப்பவன் வாங்குபவன். வாங்கும்போது விலையைத் தீர்மானிப்பவன் விற்பவன். கமக்காரன் இரண்டு முறையும் மற்றப் பக்கத்தில் நிற்கின்றான்.

உறுப்புரை 27 கொடுத்ததை 29 பறித்தது

இதற்குச் சட்டம் என்ன சொல்கின்றது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையைப் படியுங்கள். போதிய உணவு, உடை, வீடு உள்ளிட்ட போதுமான வாழ்க்கைத் தரத்தை எல்லாப் பிரசைகளும் தம் குடும்பத்தினரும் அடையச் செய்வது அரசின் குறிக்கோள் என்று அழகாக எழுதப்பட்டிருக்கின்றது. வாசித்து முடித்ததும் தாளைப் புரட்டுங்கள். 29ஆம் உறுப்புரை வரும். மேற்சொன்னவை சட்ட உரிமைகளையோ கடப்பாடுகளையோ உண்டாக்கமாட்டா. எந்த நீதிமன்றத்திலும் அவற்றைக் கேட்டு வழக்காட முடியாது என்று அது கூறுகின்றது. ஒரு கையால் இலை போட்டு, மறு கையால் இலையை எடுத்துவிட்டார்கள். பசியோடு வந்தவன் பந்தியில் இருந்தான் என்று மட்டும் பதிவு செய்துகொண்டார்கள்.

2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் ஒரு வரலாற்றுத் தீர்ப்பை வழங்கியது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்சவும் மகிந்த ராஜபக்சவும், முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்சவும், வேறு சில உயர் அதிகாரிகளும் பொருளாதாரத்தை நடத்திய முறையால் மக்களின் சமத்துவ உரிமையை மீறினர் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கண்டனர். அந்தத் தீர்ப்பை ஒரு சட்டத்தரணியாக நான் வணங்குகின்றேன். ஆனால் மக்களுக்கு இழப்பீடு எதுவும் கட்டளையிடப்படவில்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவு கிடைத்தது. 2022இல் பால்மாவுக்காகத் தோட்டை விற்ற தாய்க்குத் தோடு திரும்பவில்லை. அவளுக்குக் குற்றவாளியின் பெயர் தெரிந்ததே இலாபம்.

எமது வீட்டுக் குற்றம்

கொழும்பைக் குற்றஞ்சாட்டி இத்துடன் நிறுத்தினால் பலர் மகிழ்வர். நான் நிறுத்தப்போவதில்லை.

“உரிமை முதலில், உலை பிறகு” என்று எமது மேடைகளில் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றோம். உரிமையையும் உலையையும் பிரித்தவர் எவர்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்த் தொழிலாளியின் வாக்கைப் பறித்தெடுக்க வழிவகுத்தது. வாக்கு இல்லாதவனின் கூலியைப் பற்றி எந்த மந்திரி கவலைப்படுவான்? 2021இல்தான் அவனுடைய நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியது. 2024இல் அடிப்படை 1,350 ரூபா. உரிமை போனால் கூலி போகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டாம். அந்தச் சட்டத்தின் மீது எழுந்த பிளவிலிருந்துதான் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதை, அதன் பெயரால் இன்று பேசுவோர் நினைவில் வைத்தல் நலம். 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள், பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டதை எதிர்த்து நாடே கடையடைத்து எழுந்தபோது, தமிழ்ப் பகுதிகளும் அதில் சேர்ந்து நின்றன. பிரதமர் டட்லி சேனநாயக்கா இரண்டு மாதங்களில் பதவி துறந்தார். அரிசியின் விலையும் அரசியலே என்று அன்று அறிந்திருந்தோம்.

எமது குடாநாட்டில் நிலமற்றவர் யாரென்று விசாரித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் நிலத்துக்கும் கிணற்றுக்கும் புறத்தே நிறுத்தப்பட்டவர்களே அவர்களுள் பெரும்பாலோர். அந்த வேலியைக் கொழும்பு கட்டவில்லை.

எமது பட்டணங்களின் புடைவைக் கடைகளிலும், மருந்துக் கடைகளிலும், தனியார் வைத்திய நிலையங்களிலும், ரியூட்டரிகளிலும் நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். முப்பதாயிரம் கிடைக்கின்றதா? சேமலாப நிதி கட்டப்படுகின்றதா? எத்தனை மணிக்கு வீடு போகின்றாய்? கேட்டுவிட்டு, கடை முதலாளி யாரென்றும் பாருங்கள். அவர் தமிழர். திருவிழாவுக்கு உபயம் செய்பவர். எம்முடைய கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர். என் தொழிலையும் விலக்கவில்லை. எமது அலுவலகங்களில் தட்டெழுதும் பெண்களின் சம்பளத்தை முதலில் நாமே எண்ணிப் பார்க்க வேண்டும். வறுமைக் கோட்டின் பாதிக்கும் கீழான சம்பளம் என்று சட்டத்தைப் பழிக்கும் நாம், அந்தச் சம்பளத்தையும் கொடாதிருந்தால் எமது வாய்க்கு என்ன மதிப்பு?

கேட்கவேண்டியவை

ஆகவே தெளிவாகக் கேட்போம். முதலாவது, ஆகக் குறைந்த சம்பளத்தை மந்திரிமாரின் தயவுக்கு விடாமல், ஆண்டுதோறும் வறுமைக் கோட்டுடன் இணைத்து உயர்த்தச் சட்டம் வேண்டும். இருவர் உழைக்கும் குடும்பம் கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும். இரண்டாவது, நெல்லின் உத்தரவாத விலை விதைக்குமுன் அறிவிக்கப்படவேண்டும். அறுவடையின் முதல் நாளே களஞ்சியங்கள் திறக்கப்பட்டுக் கையில் காசு கொடுக்கப்படவேண்டும். வெங்காயமும் மிளகாயும் களத்தில் கிடக்கும் வாரங்களில் இறக்குமதிக்குத் தடை வேண்டும். மூன்றாவது, வரிச் சுமை பொருளிலிருந்து வருமானத்துக்கும் சொத்துக்கும் மாறவேண்டும். நான்காவது, புதிய அரசியலமைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சமஷ்டியைக் கேட்கும் எமது பிரதிநிதிகள், அதே மூச்சில் 29ஆம் உறுப்புரையை நீக்கவும் கேட்கவேண்டும். உணவும் வீடும் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய உரிமைகளாகட்டும்.

ஐந்தாவதை எவரிடமும் கேட்கவேண்டியதில்லை, நாமே செய்யலாம். மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்றைக் கட்டி எழுப்பியவர்கள் எமது மூத்தோர். அவர்களிடம் எமக்கிருக்கும் வசதி இருக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் சங்கம் ஒன்று நெல்லையும் வெங்காயத்தையும் இரண்டு மாதம் வைத்துக்கொள்ள ஒரு களஞ்சியம் கட்டினால், கமக்காரன் வியாபாரியின் முன் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. வைத்தியர்கள் மாதம் ஒரு மாலை, வேலை முடிந்த நேரத்தில், கிராமத்தில் உட்காரட்டும். நாங்கள் சட்டத்தரணிகள் நுண்கடன் உடன்படிக்கைகளை இலவசமாக வாசித்துச் சொல்வோம். வெளிநாட்டுக் காசில் கோபுரம் உயர்வதை நான் தடுக்கவில்லை. அதன் நிழலில் ஒரு களஞ்சியமும் உயரட்டும்.

மாகாணசபைக்கோ பாராளுமன்றத்துக்கோ வாக்குக் கேட்டு ஒருவர் உங்கள் படலைக்கு வருவார். அவர் எந்தக் கட்சியானாலும் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். பிறகு அந்த இரண்டு தாள்களையும் ஒரு பென்சிலையும் அவர் கையில் கொடுத்து, ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூட்டிக் கழித்து முடிக்கும்வரை எழுந்து போக விடாதீர்கள்.